இடது காதில் ஒரு வெட்டு

ஆயிரத்து முந்நூற்று எழுபது ரியால். கார்மேகம் அண்ணனுக்கு ஒட்டகப் பண்ணை அர்பாப் தரவேண்டிய சம்பளப் பாக்கி அது. அர்பாப் என்றால் முதலாளி. பாக்கி வைத்த அர்பாப் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அண்ணன் மட்டும் அந்தப் பாக்கியைப் பதினேழு வருஷமாகக் கூடவே வைத்திருந்தார், சிலர் மூல வியாதியை வைத்திருப்பார்களே, அதைப்போல. யாரிடமும் காட்டமுடியாது, நிம்மதியாக உட்காரவும் விடாது.

நான் அவரைப் பார்த்தது அந்தப் பண்ணையில்தான். ஆனால் அப்போது அது பண்ணை இல்லை. ஓமானில் சோஹாரிலிருந்து மலைப்பக்கம் முக்கால் மணி நேரம் வண்டியில் போனால் ஒரு காய்ந்த ஆறு வரும். அதன் கரையில் சுடாத மண்கல்லை அடுக்கிக் கட்டிய பெரிய வளைவுச் சுவர், உள்ளே வரிசையாக நாலு அறை, தூர்ந்த கிணறு, முதுகு ஒடிந்த கொட்டகை. கூரைக்குப் போட்ட பேரீச்ச மரத் தடிகள் பாதி கரையான் தின்றதும் பாதி தொங்குவதுமாகக் கிடந்தன. அதைச் சரிபண்ணும் கான்ட்ராக்ட் எங்கள் கம்பெனிக்கு. செத்த அர்பாப்பின் மகன் ராஷித் அந்த இடத்தை ஓட்டல் ஆக்கப்போகிறார். பழைய காலத்து மேய்ப்பர்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த வீடு என்று போர்டு வைத்து, வெள்ளைக்காரர்கள் வந்து தங்க ஒரு ராத்திரிக்கு நாற்பத்தைந்து ரியால். ஏசி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதபடி சுவருக்குள் ஒளித்துவைக்கவேண்டும்.

என் வேலை மண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்துச் சுவரில் பூசுவது. புதிதாகப் பூசிய சுவர் பழையதாகத் தெரியவேண்டும், அதுதான் ஆர்டர். ஊரில் இப்படிப் பூசியிருந்தால் அடிக்க வருவார்கள். இங்கே ஓவர்டைம் கொடுத்தார்கள்.

ஆள் பற்றவில்லை என்று சப் கான்ட்ராக்டர் ஒருநாள் வேனில் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். பேப்பர் இல்லாத ஆட்கள், தினக்கூலி. கல்லிவல்லி என்று சொல்வார்கள். அதில் ஒருவர் கையில் வளைந்த பிடி வைத்த மெல்லிய பிரம்புக் கம்போடு இறங்கினார். அறுபது இருக்கும். இறங்கின இடத்திலேயே நின்றார். எங்கள் சூப்பர்வைசர் விமல், திருச்சிப் பையன், வாய் கொஞ்சம் துடுக்கு.

"என்ன பெரியவரே, கம்பு ஊன்றி வர்ற ஆளுக்கு இங்க என்ன வேலை இருக்கு?"

"இது ஊன்றதுக்கு இல்ல, தம்பி" என்றார். சொல்லிவிட்டு யாரையும் கேட்காமல் நாலாவது அறைக்குள் போனார். நான் சாந்துச் சட்டியோடு பின்னாலேயே போனேன். கதவு இல்லாத அந்த அறையின் மூலையில் குனிந்து சுவரைத் தடவினார். அங்கே துருப்பிடித்த ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கம்பை மாட்டினார். அவ்வளவு சரியாகப் போய் உட்கார்ந்தது.

"நீங்க எந்தூரு, தம்பி?" என்று கேட்டார்.

"திருப்பத்தூர் பக்கம்ணே, சிவகங்கை."

"நான் முதுகுளத்தூர். இந்த ரூம்ல மூணு வருஷம் படுத்திருந்தேன்."

அவர் கிடை ஆடு மேய்க்கிற குடும்பம். அப்பா கீதாரி. கீதாரி என்றால் கிடைக்குத் தலைவர், நாலைந்து பேர் ஆட்டைச் சேர்த்து ஆயிரம் ஆடாக ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வயலில் மடக்கி எருவுக்குக் கூலி வாங்குகிறவர். ஆடு மேய்க்கத் தெரிந்தவனுக்கு ஒட்டகம் மேய்க்கத் தெரியாதா என்று ஏஜெண்ட் இங்கே அனுப்பிவிட்டான். வந்த அன்றைக்கு அர்பாப் தன் கையில் இருந்த கம்பை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். ஒட்டகத்தை ஓட்டக் கம்பு வேண்டும், அதற்காகக் கொடுத்தார். அண்ணனுக்கு அது வேறு. அவர்கள் பக்கத்தில் கிடைக்கு ஆள் அமர்த்தும்போது கீதாரி தன் கையால் கம்பைக் கொடுப்பார், அதுதான் பேச்சு முடிந்ததற்கு அடையாளம். விலகும்போது கூலிக் கணக்கு தீர்ந்திருந்தால் கம்பைத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பாக்கி இருந்தால் கம்பு ஆளோடுதான் போகும். அந்தக் கம்பை எங்கே கண்டாலும் நாலு பேர் கேட்பார்கள், யாரு உனக்குத் தரணும் என்று.

இங்கே பதினேழு வருஷமாக யாரும் கேட்கவில்லை. முதலில் கேட்டது நான்தான்.

மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முதல் ரெண்டு அறையில் ஜுமா என்ற பலூச்சிக்காரர், பெண்சாதி ஹஃபீஸா, நாலு பிள்ளைகள். மூன்றாவதில் ஜுமாவின் தம்பி குடும்பம். நாலாவதில் அண்ணனும் தீவன மூட்டையும். ஜுமாவின் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் இந்த வீட்டு ஒட்டகத்தைத்தான் மேய்த்தார்கள். விடிந்தால் பால் கறக்கிற சத்தம், ஹஃபீஸா ரொட்டி போடுகிற புகை, பிள்ளைகள் கன்றுக்குட்டியோடு ஓடுகிற சத்தம். சின்னக் கிராமம்தான், முதலாளி ஒருவர் என்பதுதான் வித்தியாசம் என்றார். மழை பெய்தால் சுவர் கரையும். அடுத்த வாரமே ஹஃபீஸா மண் குழைத்துக் கையாலேயே பூசிவிடுவாள். அவள் விரல் தடம் பழைய பூச்சில் இன்றும் அலை அலையாக இருந்தது. விமலுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லா அறையிலும் அதேபோல வரவேண்டும் என்று சொல்லிவிட்டான். நாங்களும் விரலால் இழுத்துப் பார்த்தோம். எங்கள் விரல் தடிப்புக்கு ஏர் உழுத மாதிரி வந்தது. கடைசியில் பிளாஸ்டிக் சீப்பு வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தக் குடும்பங்கள் எங்கே என்று கேட்டேன். ரேஸ் ஒட்டகத்துக்கு ஏசி கொட்டகை கட்டி, தீவனம் லாரியில் வர ஆரம்பித்ததும் அர்பாப் அவர்களைப் போகச் சொல்லிவிட்டாராம். எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியாது.

சுவருக்கு வெளியே ரெண்டு கல் நட்டு ஒரு குழி மேடு இருந்தது. ஹஃபீஸாவின் கைக்குழந்தை, காய்ச்சலில் போனது. மண்ணைத் தோண்டியது அண்ணனும் ஜுமாவும். அங்கே கார் நிறுத்துமிடம் வருகிறது என்று தெரிந்ததும் அண்ணன் விமலிடம் சொன்னார். விமல் கெட்ட பையன் இல்லை, மேலே சொல்லிப் பார்க்கிறேன் என்றான். வெள்ளிக்கிழமை லீவு முடிந்து சனிக்கிழமை வந்தபோது ரோலர் ஓடி முடிந்திருந்தது. அதே வாரம் வாசல் பக்கம் வேறொரு குழி மேட்டுக்கு இரும்பு வேலி போட்டு, பளிங்குக் கல்லில் பெயர் பதித்தார்கள். போன வருஷம் செத்துப்போன ரேஸ் ஒட்டகத்தின் சமாதி அது. பெயர் ஸம்ஹா.

அண்ணன் அந்தப் பெயரைக் கண்டுகொள்ளவில்லை. அவர் மேய்த்த காலத்தில் அதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை.

அவருடைய பாக்கிக் கதை இதுதான். மாதம் நாற்பத்தைந்து ரியால் சம்பளம். கைச்செலவுக்கு அவ்வப்போது ஐந்தும் பத்தும் வாங்கியது போக மூன்றாம் வருஷக் கடைசியில் ஆயிரத்து முந்நூற்று எழுபது நின்றது. கேட்டால் அர்பாப் புக்ரா, புக்ரா என்பார். நாளைக்கு, நாளைக்கு. ஊரில் மூத்த மகள் அகிலாவுக்குப் பள்ளிக்கூடச் செலவு, வீட்டுக்கார அம்மா கனகா நகையை அடகு வைத்தாயிற்று. அப்போது அண்ணன் தங்கள் கிடை வழக்கப்படி ஒன்று செய்தார். கூலி நின்றுபோனால் கிடை ஆள் வருஷக் கடைசியில் நாலு பேர் பார்க்க ஒரு குட்டியைப் பிடித்துக் காதில் தன் வீட்டு அடையாளத்தை வெட்டிவிடுவான். அது திருட்டு இல்லை, குட்டி எங்கேயும் போகாது, கிடையிலேயேதான் நிற்கும். பாக்கி இருக்கிறது என்று கிடைக்கே தெரியவேண்டும், அதற்காகத்தான். முதலாளி கணக்கைத் தீர்த்தால் குட்டி அவருக்கு. தீர்க்காவிட்டால் குட்டி ஆளுக்கு, அது போடுகிற குட்டியும் ஆளுக்கு. எந்த முதலாளியும் அதற்காகக் கோபித்தது கிடையாது. கோபித்தால் அவர் கிடைக்கு மறுவருஷம் ஆள் வராது.

அண்ணன் பண்ணையிலேயே நல்ல பெட்டைக் கன்றாகப் பார்த்தார். ஜுமாவையும் ஹஃபீஸாவையும் சாட்சிக்கு நிற்கவைத்தார். பிளேடை நெருப்பில் காட்டி, இடது காது நுனியை மொட்டையாக்கி, கீழ் ஓரத்தில் ஒரு வெட்டு. மஞ்சளும் எண்ணெயும் வைத்தார். ஜுமா பயந்துபோய் என்ன வேலை இது என்று கேட்டதற்குக் கணக்கு என்று சொன்னாராம்.

அன்றைக்கு மத்தியானம் அர்பாப் எல்லைக்கு அந்தப் பக்கம் அல் ஐனிலிருந்து ஒரு வியாபாரியைக் கூட்டி வந்தார். அந்தக் கன்றைப் பார்க்கத்தான். வியாபாரி காதைப் பார்த்தான், வண்டியில் ஏறிக்கொண்டான். அர்பாப் அடிக்கவில்லை, திட்டவில்லை. கையை நீட்டி, யல்லா, போ என்றார். அண்ணன் கம்பை எடுத்துக்கொண்டு நடந்தார். பாஸ்போர்ட் அங்கேயே கிடந்தது.

"கணக்குக்குக் கூப்பிடுவாருன்னு பக்கத்துப் பேரீச்சந் தோப்புல ஒரு மாசம் கிடந்தேன்" என்றார். "அடையாளம் போட்டாச்சே. கூப்பிடாம எப்படி இருக்கமுடியும்?"

அதற்கப்புறம் மீன் மார்க்கெட், ஷட்டரிங் வேலை, கார் கழுவுவது. ரெண்டு தடவை பொதுமன்னிப்பு வந்தது. பேப்பர் இல்லாதவர்கள் அபராதம் கட்டாமல் ஊருக்குப் போகலாம் என்றார்கள். முதல் தடவை இவரே போகவில்லை. வெறுங்கையோடு போய் என்ன செய்வது? ரெண்டாவது தடவை, பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஊர் போகக் கொடுக்கிற அவுட்பாஸ் வாங்கப் போனபோது உதவிக்கு உட்கார்ந்திருந்தவர், உங்களுக்கும் அர்பாப்புக்கும் பண விவகாரம் ஒன்று பதிவாகியிருக்கிறது, அது தீராமல் போகமுடியாது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அண்ணனுக்கு அன்றைக்குச் சந்தோஷம். தன் சம்பளப் பாக்கி சர்க்கார் வரைக்கும் பதிவாகியிருக்கிறது என்று நினைத்தார். அந்த நினைப்பிலேயே இன்னும் ஆறு வருஷம் ஓட்டினார். அகிலா கல்யாணத்தைப் போனில் பார்த்தார். கனகாம்மா ஒவ்வொரு தடவையும், கை வீசிக்கிட்டு வந்தாலும் பரவாயில்ல, வந்து சேருங்க என்பார். இவர், கணக்கு தீரட்டும் என்பார்.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ரெண்டாவது அறைச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு பெரிய போட்டோ வந்தது. ஆள் உயரம், பிளாஸ்டிக் சுற்றியிருந்தது. நானும் அண்ணனும் தூக்கிக்கொண்டு போனோம். சுற்றியிருந்ததைக் கிழித்ததும் ஒட்டகத்தின் தலை. கழுத்தில் குங்குமப்பூ பூசி, பக்கத்தில் கோப்பையோடு செத்த அர்பாப் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் போட்டோவின் அந்தப் பக்கத்தைப் பிடித்திருந்தவர் விட்டுவிட்டார். முனை என் காலில் விழுந்தது. நான் கெட்ட வார்த்தை சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. விரலை நீட்டி இடது காதைத் தொட்டார். நுனி மொட்டை. கீழ் ஓரத்தில் ஒரு வெட்டு.

"எங்கப்பன் அடையாளம்" என்றார்.

சமாதியில் இருக்கிற ஸம்ஹா இதுதான் என்று விமல் சொன்னான். ஜெயித்த கார் மட்டும் பதினொன்று. அதற்குப் பிறந்த ஐந்து ஒட்டகமும் ரேஸில் ஓடுகிறது. இந்த ஓட்டலே அது சம்பாதித்த பணத்தில் வருவதுதான்.

"அப்ப உங்க வழக்கப்படி நீங்கதாண்ணே ஓனர்" என்று நான் சிரித்தேன். "எனக்கு ஒரு சூப்பர்வைசர் வேலை போட்டுக் கொடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் வேணாம், தம்பி. என் சம்பளம் போதும்."

சோஹாரில் பெயிண்ட், ஆணி, கயிறு விற்கிற கடை வைத்திருக்கும் கௌஸ் முகைதீனைப் பிடித்தோம். தொண்டிக்காரர், முப்பது வருஷமாக இங்கே இருக்கிறார். ராஷித் வீட்டுக்கு இரும்புச் சாமான் அவர் கடையிலிருந்துதான் போகிறது. முழுக்கதையையும் கேட்டார். ஒட்டகத்தில் பங்கு கிங்கு என்று வாயைத் திறந்தால் பைத்தியம் என்று அனுப்பிவிடுவார்கள், சம்பளத்தை மட்டும் கேட்போம் என்றார். ராஷித் நல்ல மனிதர், கையில் காசு இருக்கிறது, விழா அன்றைக்கு மனசும் குளிர்ந்திருக்கும். பார்த்துக்கொள்ளலாம் என்றார். அன்றிலிருந்து அண்ணன் பூச்சு வேலையில் காட்டிய சுத்தத்தைப் பார்த்தால் சொந்த வீட்டுக்குச் செய்வதுபோல இருந்தது.

விழா அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். வெள்ளைக் கந்துரா அங்கி போட்ட பெரியவர்கள், கேமராக்காரர்கள், ரெண்டு மூன்று வெள்ளைக்காரர்கள். நாங்கள் வேலை ஆட்கள் கொட்டகைப் பக்கம் நிற்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கௌஸ் முகைதீன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போட்டோ மாட்டிய அறைக்குப் போனார். அண்ணன் என்னையும் வா என்றார். அவர் கையில் கம்பு இருந்தது. துவைத்த சட்டை, என்னுடையது.

கௌஸ் முகைதீன் ராஷித்தின் காதருகே போய்ச் சொன்னார். ராஷித் திரும்பிப் பார்த்தவர் ரெண்டு எட்டில் வந்து அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சின்ன வயதில் இந்தத் தோளில் ஏறிச் சுற்றியிருக்கிறேன் என்றார். அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அரபி அரைகுறைதான், புரியாததைக் கௌஸ் முகைதீன் பிறகு சொன்னார். ஆனால் அண்ணனுக்கு நன்றாக விளங்கும். மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. அவரே அரபியில் மெதுவாகக் கேட்டார், பெரிய அர்பாப் தரவேண்டியது ஆயிரத்து முந்நூற்று எழுபது இருக்கிறது என்று.

ராஷித் சத்தமாகச் சிரித்தார். கேலியாக இல்லை, பழைய நண்பனைக் கண்ட சிரிப்புத்தான். வந்திருந்தவர்களை எல்லாம் பக்கத்தில் கூப்பிட்டார். அப்பா ஒவ்வொரு விருந்திலும் சொல்லும் கதையில் வருகிற ஆள் இவர்தான் என்றார். காதை வெட்டிய ஹிந்தி, அதாவது இந்தியாக்காரன். காது வெட்டுப்பட்டதால் அந்தக் கன்றை யாரும் வாங்கவில்லை. மூன்று பேர் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனார்கள். வேறு வழியில்லாமல் அப்பா தானே வைத்து ஓட்டினார். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் அண்ணனின் முதுகில் தட்டினார்.

பிறகு ராஷித் அண்ணன் பக்கம் திரும்பிக் கணக்கைச் சொன்னார். அப்பா அந்தக் காதுக்கு ரெண்டாயிரம் ரியால் என்று விலை போட்டிருந்தாராம். அண்ணனின் சம்பளத்தை அதில் கழித்ததுபோக, அண்ணன் இன்னும் அறுநூற்று முப்பது தரவேண்டும். ஓடிப்போனவன் என்ற கேஸோடு சேர்த்து அப்பா அதையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

"நீங்கள் பயப்படவேண்டாம், அம்மி" என்றார் ராஷித். அம்மி என்றால் அம்மா இல்லை. அரபியில் சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "உங்கள் கடனை இன்றைக்கு இவர்கள் முன்னால் நான் மன்னித்துவிட்டேன். கேஸை நாளைக்கே வாபஸ் வாங்குகிறேன். டிக்கெட் நான் எடுக்கிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். கேமராக்காரன் கிட்டே வந்தான்.

அண்ணன் கௌஸ் முகைதீனைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "நான் கடன்காரனா, பாய்?"

"கார்மேகம், தலைய ஆட்டிட்டு வாங்க" என்று கௌஸ் முகைதீன் சிரித்த முகம் மாறாமல் சொன்னார். "கேஸை எடுக்கிறேன்னு வாயால சொல்லிட்டாரு. வாதாடினா அதுவும் போயிரும். வீட்டுக்குப் போற வழியப் பாருங்க."

"அது பதினோரு கார் ஜெயிச்சிருக்கு பாய். அந்த வெட்டாலதான் அவங்க கையில நின்னுச்சுன்னு அவரே சொல்றாரு."

"ஆமா. போங்க."

ராஷித்துக்கு அப்போதுதான் கம்பு கண்ணில் பட்டது. இது அப்பாவின் கம்புதானே என்று கேட்டார். பிடியில் இருந்த வெள்ளிப் பூணைத் தடவிப் பார்த்தார். இதைப் போட்டோவுக்குக் கீழே மாட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும், வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கையை நீட்டினார்.

அண்ணன் கொடுக்கவில்லை. நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் பிடியைச் சுற்றி இறுகி இருந்தன. கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். கேமராக்காரன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான்.

பிறகு அண்ணன் கம்பை ரெண்டு கையிலும் படுக்கை வாக்கில் ஏந்தி, பிடி ராஷித் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"இந்தா. கணக்கு தீந்துச்சு."

தமிழில்தான் சொன்னார். ராஷித் ஷுக்ரன், ஷுக்ரன் என்று நன்றி சொல்லி வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். மறுபடி கை தட்டினார்கள். ஒருவன் வந்து அண்ணனிடம் அல்வா டப்பா ஒன்றைக் கொடுத்தான்.

மாட்டுகிற வேலை எனக்கு வந்தது. விமல் ஆணியும் சுத்தியும் கொடுத்தான். போட்டோவுக்கு அடியில், நேற்று அண்ணன் பூசிய இடம், ஈரம் முழுக்கக் காயவில்லை. ரெண்டு ஆணி அடித்துக் கம்பைப் படுக்கவைத்தேன். அண்ணன் அல்வா டப்பாவோடு பின்னால் நின்றார்.

"விழாம நிக்குமா?"

"நிக்கும்ணே" என்றேன்.

வெளியே சப் கான்ட்ராக்டரின் வேன் ஹாரன் அடித்தது. தினக்கூலி ஆட்கள் ஏறினார்கள். அன்றைய கூலி ஐந்து ரியால். அரைநாள்தான் வேலை நடந்தது என்று அதிலும் பாதியைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.